பெட்டி கட்டும் பாட்டு

பிப்ரவரி 9

பெரியக்காவுக்கு,

நான்தான், சோடாபுட்டி. கையெழுத்தைப் பாத்ததும் கிழிச்சுப் போட்டுடாதே. முழுசா படிச்சிட்டு அப்புறம் கிழி, உன் இஷ்டம்.

போன்ல சொல்லியிருக்கலாம். ஆனா நான் போனை எடுத்தாலே அம்மா பக்கத்துல வந்து நின்னுக்கிட்டு "யாரு, பெரியவளா?"ன்னு கேக்கறாங்க. இல்லம்மா, ஆபீஸ்லேர்ந்துன்னு சொன்னா மூஞ்சி தொங்கிப்போயிடும். அதான் இங்க லைட் ரூம்ல உக்காந்து எழுதறேன்.

விஷயம் இதுதான். உன் கதை எங்க அரங்குக்கே வருது. முதல்ல புத்தகம், அப்புறம் சினிமா, இப்போ பாட்டும் ஆட்டமுமா மேடை நாடகம். உனக்குத் தெரியாம இருக்காது, எழுதிக் கொடுத்தவளே நீதான். எனக்கு நோட்டீஸ் போர்டைப் பாத்துத்தான் தெரிஞ்சுது. நம்ம வீட்டுக் கதைக்குப் பாட்டான்னு சிரிப்பு வந்துச்சு. நம்ம வீட்டுல பாட்டுன்னா அப்பா உயிரோட இருந்தப்போ விட்ட குறட்டை ஒண்ணுதான், அதுவும் சுருதி சேராது.

அப்புறம் லைட் போடறதுக்காக நாடகப் பிரதியைக் கையில கொடுத்தாங்க. படிச்சதும் சிரிப்பெல்லாம் போயிடுச்சு. சினிமாவுல இருந்த முடிவு இதுல இல்ல. மழையும் இல்ல, கொடியில துணி எடுக்கறதும் இல்ல. அம்மா பெட்டி கட்டறாங்க, புருஷன் வீட்டுக்குத் திரும்பிப் போன்னு சொல்றாங்க. சின்னக்கா மொட்டை மாடிக்குப் போறா. செருப்பைக் கழட்டி ஓரமா ஜோடியா வைக்கறா. கைப்பிடிச் சுவர் மேல நடந்து போய்க் குதிக்கறா.

அந்தச் செருப்பை நான் உன்கிட்ட மட்டும்தான் சொன்னேன் அக்கா. ஸ்கூல் யூனிஃபார்மோட மேல ஓடினேன், ஜோடியா இருந்துச்சு, குதிச்சான்னு தெரிஞ்சுடுமேன்னு யாரும் பாக்கறதுக்குள்ள எடுத்துட்டு வந்து வாசல்ல போட்டுட்டேன்னு. நீ அதை அச்சடிச்சு ஊருக்கே சொல்லிட்ட. அதுக்குத்தான் இத்தனை வருஷம் உன்கூடப் பேசலை. அந்தச் சண்டையைத் திரும்ப ஆரம்பிக்க எழுதலை, பயப்படாதே.

அம்மா உன் புத்தகத்தைப் படிச்சதில்ல. எழுத்துக் கூட்டிப் படிக்கவே அவங்களுக்குச் சிரமம், இப்போ கிட்டத்துல இருக்கற எழுத்தும் தெரியறதில்ல. தினம் துடைச்சு வைப்பாங்க, பிரிச்சதே இல்ல. படத்தை மட்டும் பாத்தாங்க. பாத்துட்டு வெளிய வந்து என் கையைப் பிடிச்சுக்கிட்டு, "வழுக்கித்தான் விழுந்திருக்கா, பாத்தியாடா"ன்னாங்க. நான் ஆமான்னேன். அதுக்கப்புறம்தான் அவங்களுக்கு ஒழுங்கா தூக்கம் வருது. இப்போ மேடையில வருதுன்னு கேள்விப்பட்டு, முன்வரிசையில உக்காந்து பாக்கணும்னு ஒத்தக் கால்ல நிக்கறாங்க.

உன்கிட்ட கேக்கறது ஒண்ணே ஒண்ணு. சினிமாவுல வர்ற முடிவையே வைக்கச் சொல்லு. நீ சொன்னா கேப்பாங்க. அம்மாதான் அவளை அனுப்பிச் சாகடிச்சாங்கன்னு அம்மாவையே உக்கார வச்சுக் காட்டணுமா?

தம்பி

*

பிப்ரவரி 24

தம்பிக்கு,

கிழிக்கவில்லை. இரண்டு முறை படித்தேன். இத்தனை வருடம் கழித்து எழுதுகிறாய், உயிரோடு இருக்கிறாயா, முட்டி வலி எப்படி இருக்கிறது என்று ஒரு வரி இல்லை. நேராக வேலையைச் சொல்லிவிட்டாய். நீ மாறவே இல்லை.

நானும் நேராகவே சொல்கிறேன். முடியாது.

படத்தின் முடிவை மாற்றியபோது வாயை மூடிக்கொண்டு இருந்தேன். தயாரிப்பாளர் "ஜனங்களுக்குக் கண்ணீர் வரலாம், கோபம் வரக்கூடாது" என்றார். மழை பெய்ததாம், துணி எடுத்தாளாம், வழுக்கியதாம். அந்தத் தியேட்டரில் நான் எப்படி உட்கார்ந்திருந்தேன் என்று எனக்குத்தான் தெரியும். என் தங்கை தானாக எடுத்த ஒரே முடிவு அது. அதையும் ஈரத் தரையின் கணக்கில் எழுதிவிட்டார்கள். அதனால்தான் இந்த முறை, முடிவு புத்தகத்தில் உள்ளபடிதான் இருக்க வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே போட வைத்தேன்.

அவள் கடைசியாகப் போன் செய்தது எனக்கு. "பெட்டி கட்டியாச்சுக்கா. இந்தத் தடவை நான் போகமாட்டேன்" என்றாள். அவ்வளவுதான். மறுநாள் அப்பா போன் செய்தார். அதற்குப் பிறகு அந்த வீட்டில் யாராவது அவள் பெயரைச் சொன்னீர்களா? அவள் போட்டோவைக்கூட அலமாரிக்குள் வைத்துவிட்டார் அம்மா. நான் எழுதியிருக்காவிட்டால் அப்படி ஒருத்தி இருந்தாள் என்பதே போயிருக்கும்.

செருப்பைப் பற்றி எழுதியது உனக்கு வலித்தது என்று தெரியும். அதற்கு மன்னிப்புக் கேட்டு நான் எழுதிய கடிதத்தை நீ பிரிக்காமலே திருப்பி அனுப்பினாய். போகட்டும்.

அம்மாவை அழைத்துப் போகாதே. டிக்கெட் இல்லை என்று சொல். இதுகூடவா உனக்கு வராது?

அக்கா

*

மார்ச் 11

அக்கா,

முட்டி வலி எப்படி இருக்கு? கேட்டுட்டேன், போதுமா. புத்தகத் தமிழ்ல எனக்கு எழுதாதே, வக்கீல் நோட்டீஸ் படிக்கற மாதிரி இருக்கு.

டிக்கெட் இல்லைன்னு சொல்லிப் பாத்தேன். "லைட் போடறவனோட அம்மாவுக்கு டிக்கெட் இல்லையா?"ன்னு திருப்பிக் கேட்டாங்க. அதுக்குள்ள பக்கத்து வீட்டு டீச்சர் ரெண்டு டிக்கெட் வாங்கிக் கையில கொடுத்துட்டாங்க, தானும் கூட வர்றேன்னு. ஒரு ஞாயித்துக்கிழமை மதிய ஆட்டத்துக்கு. அம்மா புது ரவிக்கைத் துணி எடுத்துத் தைக்கக் கொடுத்திருக்காங்க. தெருவுல ஒருத்தர் விடாம எல்லார்கிட்டயும் சொல்லியாச்சு, "என் பெரியவ எழுதினது, என் சின்னவளைப் பத்தி, என் பையன்தான் லைட்டு"ன்னு. என்னால எப்படித் தடுக்க முடியும், நீயே சொல்லு.

இங்க ரிகர்சல் நடந்துக்கிட்டிருக்கு. மேடையில நம்ம வீட்டைப் பாதியா வெட்டி வச்ச மாதிரி செட்டு. கீழ சமையலறை, நடுவுல மாடிப்படி, மேல மொட்டை மாடி. சின்னக்காவா நடிக்கற பொண்ணு நல்ல பொண்ணு. பாடுவா, ஆடுவா, அரட்டையும் அடிப்பா. நான் யாருன்னு எப்படியோ தெரிஞ்சுக்கிட்டா. "அண்ணா, அவங்க எப்படிச் சிரிப்பாங்க?"ன்னு ஒரு நாள் மேல வந்து கேட்டா. வாயைப் பொத்திக்கிட்டு, தோள் மட்டும் குலுங்கும்னு சொன்னேன். அடுத்த நாள் மேடையில அப்படியே சிரிச்சா. எனக்கு ஸ்விட்சு எதுன்னு தெரியாமக் கண்ணு கலங்கிப்போச்சு.

அவ குதிக்கற இடத்துலதான் எனக்குப் பயம். சுவரோட அந்தக் கோடியில மட்டும்தான் பின்பக்கம் மெத்தை போட்டிருக்கு. மத்த இடமெல்லாம் செட்டு சாயாம இருக்க இரும்புப் பாரம் வச்சிருக்காங்க. அதனால அவ கோடி வரைக்கும் நடந்து, இருட்டுல மினுங்கற டேப் ஒட்டின இடத்துலேர்ந்துதான் குதிக்கணும். அவ தலை சுவருக்குக் கீழ மறைஞ்சப்புறம் நான் மேடையை இருட்டாக்கணும். அதுதான் நாடகத்தோட கடைசி இருட்டு.

அதுக்கு முன்னாடி வருதே, அம்மா பெட்டி கட்டற பாட்டு, அதுதான் எல்லாருக்கும் பிடிச்ச பாட்டு. டீக் கொண்டு வர்றவன்கூட அதை முணுமுணுத்துக்கிட்டே வர்றான். ஒவ்வொரு துணியா பெட்டிக்குள்ள வைக்கறதுக்கும் தாளம். பாதியில ஆட்டக்காரங்க தாளத்துக்குக் கை தட்டுவாங்க, பாக்கறவங்களையும் தட்ட வைப்பாங்க. நம்ம அம்மா பெட்டி கட்டினதுக்குக் கைதட்டு அக்கா. முடியறப்போ அந்த அம்மா பாடற வரி, "பொணமா வந்தாலும் வா, வாழாவெட்டியா வராதே."

அம்மா அப்படிச் சொல்லலை. நீ அங்க இல்ல. நான் அந்த ரூம்ல வீட்டுப்பாடம் எழுதிக்கிட்டு இருந்தேன். அம்மா சொன்னது, "ரெண்டு மாசம் பொறுத்துப் பாரும்மா, அப்புறமும் சரிப்படலேன்னா வந்துடு." அழுதுக்கிட்டே சொன்னாங்க. முடிவு உன்னோடதுன்னா வச்சுக்கோ. அந்த வரியையாவது எடுக்கச் சொல்லு.

தம்பி

*

மார்ச் 28

தம்பிக்கு,

முட்டி அப்படியேதான் இருக்கிறது. குளிரில் மாடிப்படி ஏறுவது பெரும்பாடு.

அந்த வரியை நான்தான் எழுதினேன். அம்மா சொன்னதாக யாரும் எனக்குச் சொல்லவில்லை. எழுதும்போது அதுதான் வந்தது. இன்றும் அது பொய் என்று நான் நினைக்கவில்லை. முகத்தில் காயத்தோடு வந்து நிற்கிறவளிடம் "பொறுத்துப் பார்" என்பதற்கு வேறென்ன அர்த்தம்? அழுதுகொண்டே சொன்னால் அர்த்தம் மாறிவிடுமா?

ஆனாலும் உனக்காக இயக்குநருக்கு எழுதிக் கேட்டேன். முடியாது என்கிறார். மெட்டே அந்த வரியை வைத்துத்தான் போட்டதாம். அதை எடுத்தால் பாட்டு நிற்காதாம், பாட்டு நிற்காவிட்டால் நாடகமே நிற்காதாம். "உங்கள் அம்மா பெருந்தன்மையானவர், புரிந்துகொள்வார்" என்று ஒரு வரி சேர்த்திருந்தார். அவருக்கு என் அம்மாவைப் பற்றி என்ன தெரியும் என்று எரிச்சலாக வந்தது. பிறகு எனக்குத்தான் என்ன தெரியும் என்று தோன்றியது. நான் கடைசியாக அம்மாவைப் பார்த்தபோது அவருக்கு முடி கறுப்பாக இருந்தது.

ஒன்று செய்கிறேன். நானே வருகிறேன். அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் வந்து, அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, நானே என் வாயால் சொல்கிறேன். திட்டினால் திட்டட்டும், அடித்தாலும் வாங்கிக்கொள்கிறேன். மேடையில் பார்த்துத் தெரிந்துகொள்ளக் கூடாது என்று நீ சொல்வதில் நியாயம் இருக்கிறது.

அதுவரை ஏதாவது சொல்லிச் சமாளி.

அக்கா

*

ஏப்ரல் 20

அக்கா,

நீ வரலை.

நாடகம் ஆரம்பிச்சு நல்லாப் போய்க்கிட்டிருக்கு. தினம் அரங்கு நிறையுது. நீ வருவ வருவன்னு அம்மாகிட்ட சொல்லி வச்சேன், உன் ரூமைக் கழுவித் துடைச்சு வச்சிருக்காங்க. உன் முட்டி வலி, உன் லீவு, விமான டிக்கெட், எல்லாம் சரி, ஒண்ணும் கேக்கலை. வர மனசு வரலைன்னு எழுதியிருந்தாக்கூட நான் ஒத்துக்கிட்டிருப்பேன்.

வர்ற ஞாயித்துக்கிழமை அம்மா வர்றாங்க. நானே ஒரு வழி பண்ணிட்டேன். சவுண்டுக்காரன் நம்ம பையன், அந்த ஒரு வரி வர்றப்போ மைக்கைக் குறைச்சு வாத்தியத்தை ஏத்திடுவான். அம்மாவுக்கு ஏற்கெனவே ஒரு காது மந்தம். மிச்சம் இருக்கறது கடைசி இருட்டு. அதை நான் கொஞ்சம் முன்னாடியே போட்டுடுவேன். அவ சுவர் மேல நடந்துக்கிட்டு இருக்கறப்பவே இருட்டாயிடும். குதிக்கறது தெரியாது. விழற சத்தம் மட்டும் கேக்கும். சுவர்ல நடந்தா, இருட்டுல விழுந்துட்டா, அவ்வளவுதான். அம்மா தனக்குத் தெரிஞ்ச முடிவோட வீட்டுக்கு வந்துடுவாங்க.

யார்கிட்டயும் சொல்லலை. சொன்னா விடமாட்டாங்க. அந்தப் பொண்ணுகிட்ட சொல்லத் தேவையும் இல்ல, மினுங்கற டேப் இருக்கு, தினம் நடக்கற சுவரு, அவ பாட்டுக்குக் கோடிக்குப் போய்க் குதிச்சிடுவா. ஒரு மூச்சு விடற நேரம்தான். ஒரே ஒரு ஆட்டம்.

உனக்குக் கோபம் வரும். வரட்டும். உனக்கு இருக்கற மாதிரி எனக்கும் ஒரு முடிவு வச்சுக்க உரிமை இருக்கு.

தம்பி

*

மே 2

டேய்,

உன் கடிதம் இன்றுதான் வந்தது. ஞாயிற்றுக்கிழமை போய்விட்டது.

நேற்றே செய்தியில் பார்த்தேன். மேடையில் விபத்து, நடிகைக்குப் படுகாயம் என்று நாலு வரி. என்ன விபத்து என்று போடவில்லை. உன் கடிதத்தைப் படித்த பிறகுதான் பயம் வந்தது.

வீட்டுக்கு எத்தனை முறை போன் செய்தேன் தெரியுமா? ஒரு முறை அம்மா எடுத்தார். என் குரல் கேட்டதும் "பெரியவளே, பாத்துட்டேன்டி, நல்லா எடுத்திருக்காங்க" என்றார். சாதாரணமாக, சிரித்துக்கொண்டே. பிறகு உன்னைக் கூப்பிட்டார். நீ வந்து வாங்கவில்லை. உன் அறைக் கதவைச் சாத்துவது எனக்குக் கேட்டது.

என்ன நடந்தது? அந்தப் பெண் எப்படி இருக்கிறாள்? இருட்டாக்கினாயா? ஒரே ஒரு வார்த்தை எழுது, இல்லை என்று எழுது. விளக்கு சரியாகத்தான் எரிந்தது, அவள்தான் தடுக்கி விழுந்துவிட்டாள் என்று எழுது. நான் நம்பிக்கொள்கிறேன்.

நான் வராததற்குக் காரணம் கேட்டாயே. டிக்கெட் எடுத்துவிட்டு ரத்து செய்தேன். அம்மா முகத்தைப் பார்த்து அந்த வார்த்தையைச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. நானூறு பக்கம் எழுதினவளுக்கு அது இல்லை. சிரித்துக்கொள்.

அக்கா

*

மே 14

அக்கா,

இருட்டாக்கினேன்.

சொல்லிடறேன், கேட்டுக்கோ. எல்லாம் நான் நினைச்ச மாதிரியே போச்சு. சவுண்டுக்காரன் அந்த வரியை அமுக்கிட்டான். அவ மேல போனா, சுவர்ல ஏறி நடந்தா. டேப்புக்கு ரெண்டு எட்டு இருக்கறப்போ நான் பட்டனை அமுக்கிட்டேன். லைட்டுக்கு நேரம் சொல்ற மேடை மேனேஜர் அம்மா ஹெட்செட்ல "ஏய், என்ன"ன்னாங்க. அவங்க சொல்லி முடிக்கறதுக்குள்ள சத்தம் கேட்டுடுச்சு. மெத்தையில விழற சத்தம் எனக்குத் தெரியும், தினம் கேக்கறேன். இது அது இல்ல.

அவ கோடிக்குப் போகலை அக்கா. நான் யோசிக்காம விட்டது அதுதான். இந்தத் தொழில்ல இருக்கறவங்க தன் கணக்கைவிட லைட்டைத்தான் நம்புவாங்க. லைட்டு போச்சுன்னா நேரம் ஆயிடுச்சுன்னு அர்த்தம், நாமதான் பின்தங்கிட்டோம்னு அர்த்தம். அவ தான் லேட்டுன்னு நினைச்சு, நின்ன இடத்துலேர்ந்தே குதிச்சிட்டா. கீழ இரும்புப் பாரம். இடுப்பும் முதுகெலும்பும் போயிடுச்சு. பிழைச்சுக்கிட்டா. கால்ல உணர்ச்சி இல்ல. இனிமே வருமான்னு டாக்டர்கிட்ட கேட்டா கூரையைப் பாக்கறாரு.

ஜனங்களுக்கு ஒண்ணும் புரியலை. முடிஞ்சுதுன்னு நினைச்சு இருட்டுல எழுந்து நின்னு கை தட்டினாங்க. உள்ள அவ கத்தறா, வெளிய கைதட்டு. திரை போட்டு, கலைஞ்சு போகச் சொன்னாங்க. அம்மாவையும் டீச்சரையும் நான்தான் டாக்ஸியில கூட்டிட்டு வந்தேன். அம்மாவுக்கு அது நாடகமாத்தான் தெரிஞ்சுது. "அந்தப் பெட்டிப் பாட்டுக்கு எல்லாரும் தட்டினாங்க, நானும் தட்டினேன். ஆனா அவ துணியைச் சுருட்டிச் சுருட்டி வைக்கறா, நான் மடிச்சுத்தான் வைப்பேன்"னாங்க. அப்புறம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டு, "கடைசியில பாவம், இருட்டுல கால் வச்ச இடம் தெரியலை அவளுக்கு. வழுக்கிட்டா"ன்னாங்க. நான் ஆமான்னேன்.

இதைவிடக் கேவலம் ஒண்ணு இருக்கு. விசாரணை நடந்துச்சு. அரங்கு முதலாளி முன்னாடியே எல்லாரையும் கூப்பிட்டுப் பேசிட்டாரு. மேனேஜர் அம்மா என்னைப் பாத்து, "லைட்டு சரியான நேரத்துலதான் போச்சு, இல்லையா?"ன்னாங்க. நான் கை தவறி அமுக்கிட்டேன்னு அவங்க நினைச்சுக்கிட்டு இருக்காங்க. என்னைக் காப்பாத்தறாங்களாம். நான் தலையாட்டினேன். அந்தப் பொண்ணு கவனக்குறைவா இடம் தவறிக் குதிச்சிட்டான்னு எழுதிட்டாங்க. அவளும் கையெழுத்துப் போட்டுட்டாளாம். எதுவும் கேக்கலையாம்.

நம்ம வீட்டுல சின்னக்காவுக்கு எழுதின அதே தீர்ப்பு. கால் தவறிட்டா.

நான் என்ன பண்ணட்டும்? உண்மை உண்மைன்னு குதிச்சவ நீதான். நீ சொல்லு.

தம்பி

*

மே 29

தம்பி,

நாலு தடவை எழுதிக் கிழிச்சேன். புத்தகத் தமிழ் வரமாட்டேங்குது, நீ ஜெயிச்சுட்ட.

கிழிச்ச முதல் கடிதத்துல, போய்ச் சொல்லிடு, எல்லார் முன்னாடியும் சொல்லிடுன்னு எழுதினேன். எழுதறது சுலபமா இருந்துச்சு, எனக்கு எப்பவுமே அது சுலபம்தான். அப்புறம் உன்னைப் போலீஸ் கூட்டிட்டுப் போற மாதிரி நினைச்சுப் பாத்தேன். அம்மா தனியா அந்த வீட்டுல. ஏன்டா லைட்டை அணைச்சேன்னு அவங்க கேப்பாங்க. நீ என்ன சொல்லுவ? எந்தப் பக்கம் போனாலும் அந்தக் கேள்வியிலதான் போய் முட்டறேன். நாம எதுக்குப் பயந்தோமோ அது இன்னும் மோசமா வந்து நிக்கும்.

அதனால சொல்றேன். சும்மா இரு. யார்கிட்டயும் ஒண்ணும் சொல்லாதே. அந்தப் பொண்ணுக்கு என்ன வேணுமோ நான் செய்யறேன், நாடகத்துலேர்ந்து எனக்கு வர்றதெல்லாம் அவளுக்குப் போகட்டும், ஆயுசுக்கும் போகட்டும். நீ வாயைத் திறக்காதே.

எழுதிட்டுப் பாக்கறேன், இது என் கையெழுத்தான்னு எனக்கே சந்தேகமா இருக்கு. ஒரு தங்கச்சியோட சாவை யாரும் மறைக்கக் கூடாதுன்னு அம்மாகிட்டயே சண்டை போட்டுட்டு நாட்டை விட்டுப் போனவ. இப்போ இருக்கற ஒரே தம்பிக்காக, மூடி வைன்னு எழுதறேன். அம்மாவும் அன்னிக்கு இப்படித்தான் நினைச்சிருப்பாங்களோ என்னவோ. இருக்கறவங்களைக் காப்பாத்தணும்னு. எனக்கு அவங்க மேல இருந்த கோபத்தை எங்க கொண்டுபோய் வைக்கறதுன்னு தெரியலைடா.

சாப்பிடறியா? ஒழுங்கா சாப்பிடு.

அக்கா

*

ஜூன் 15

அக்கா,

உன் கடிதம் வந்தன்னிக்கே ஆஸ்பத்திரிக்குப் போனேன். நீ சும்மா இருன்னு சொன்னதாலதான் போனேன்னு நினைக்கறேன். நீயே அப்படிச் சொல்லிட்டா அப்புறம் உண்மையைச் சொல்றதுக்கு நம்ம வீட்டுல யாரு இருக்கா.

அந்தப் பொண்ணோட அம்மா கட்டில் பக்கத்துல உக்காந்து, துவைச்ச துணியை மடிச்சுக்கிட்டு இருந்தாங்க. அந்தப் பொண்ணு என்னைப் பாத்ததும், "அண்ணா, சாரி அண்ணா, உங்களையும் விசாரணையில இழுத்து விட்டுட்டேன்"னா. தன்னாலதான் நாடகமே நின்னுபோச்சாம். தன் அம்மாகிட்ட, கூட நடிச்சவங்ககிட்ட, எல்லார்கிட்டயும் அவ மன்னிப்புக் கேட்டுக்கிட்டே இருக்காளாம்.

நான் சொன்னேன். லைட்டை முன்னாடியே அணைச்சது நான், வேணும்னேதான் அணைச்சேன், எங்க அம்மா பாக்கக் கூடாதுன்னு. அவ அம்மா மடிச்சுக்கிட்டு இருந்த துணி அப்படியே கையில நின்னுடுச்சு. என்னை அடிப்பாங்கன்னு நினைச்சேன், அடிக்கலை. அந்தப் பொண்ணும் திட்டலை. அவ கேட்டது இதுதான்:

"அப்போ நான் லேட் இல்லையா அண்ணா?"

இல்லம்மான்னேன். "நான் கரெக்டாத்தான் போய்க்கிட்டு இருந்தேனா?" ஆமாம்மா, நீ கரெக்டாத்தான் போய்க்கிட்டு இருந்தன்னேன். கண்ணை மூடிக்கிட்டா. கண்ணு ஓரத்துல தண்ணி காதுக்குள்ள ஓடுது, அதைத் துடைக்கக்கூட அவளால திரும்ப முடியலை. அவ அம்மா என்னைப் பாத்து, "வெளிய போயிடு"ன்னாங்க. வந்துட்டேன். மன்னிப்புன்னு ஒரு வார்த்தையை அங்க என்னால சொல்ல முடியலை அக்கா, அதைச் சொல்லி அவளைப் பதில் சொல்ல வைக்கக் கூடாதுன்னு தோணுச்சு.

மறுநாள் அரங்குல போய் எழுதிக் கொடுத்துட்டேன். முதலாளி குதிச்சாரு. கேஸ் வரும், உள்ள போகவேண்டி வரும்னு வக்கீல் சொல்றாரு. லைட் ரூம் சாவியை மேனேஜர் அம்மாகிட்ட கொடுத்தப்போ அவங்க என் முகத்தைப் பாக்கலை.

மிச்சம் இருந்தது நம்ம அம்மா. சமையலறையில நின்னுக்கிட்டேதான் சொன்னேன், உக்காந்தா தைரியம் போயிடும்னு. அன்னிக்கு நீங்க பாத்தது நாடகம் இல்லம்மா, அந்தப் பொண்ணு நிஜமாவே விழுந்துட்டா, நான்தான் லைட்டை அணைச்சேன்னு. அம்மா அடுப்பை அணைச்சாங்க. கையைத் துடைச்சுக்கிட்டாங்க. "நான் பாக்கக் கூடாதுன்னா?"ன்னாங்க. ஆமான்னேன். அப்புறம் சொன்னாங்க.

"நீ லைட்டை அணைக்கறதுக்கு முன்னாடியே அவ செருப்பைக் கழட்டி ஓரமா வச்சிட்டாளேடா."

செருப்பை நான் மறந்தே போயிட்டேன் அக்கா. சுவரு, டேப்பு, இருட்டு எல்லாத்தையும் யோசிச்சேன். அன்னிக்கு மாடியிலேர்ந்து நான் எடுத்துட்டு வந்த அந்தச் செருப்பு, மேடையில முழு வெளிச்சத்துல இருந்துச்சு. நானே போட்ட வெளிச்சம்.

டாக்ஸியில வழுக்கிட்டான்னு சொன்னீங்களேம்மான்னு கேட்டேன். "நீ அதைத்தானே கேக்கணும்னு உக்காந்திருந்த"ன்னாங்க.

திட்டுவாங்க, அழுவாங்கன்னு பாத்தேன். ஒண்ணும் இல்ல. அலமாரியிலேர்ந்து சின்னக்கா போட்டோவை எடுத்து வெளிய வச்சாங்க. அப்புறம் உன் புத்தகத்தை எடுத்துக்கிட்டு பக்கத்து வீட்டு டீச்சர்கிட்ட போனாங்க. தினம் சாயங்காலம் டீச்சர் வந்து படிக்கறாங்க, அம்மா கண்ணை மூடிக்கிட்டுக் கேக்கறாங்க. நடுவுல நிறுத்தி, "இது தப்பு, அந்தக் கதவு பச்சை"ங்கறாங்க. இல்லேன்னா, "ஆமா, அப்படித்தான் சிரிப்பா"ங்கறாங்க. நேத்து நீயும் சின்னக்காவும் ஒரே குடையில ஸ்கூலுக்குப் போற இடம். ரெண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டாங்க.

நீ எழுதின அந்த வரி வர்ற பக்கம் எனக்குத் தெரியும். டீச்சருக்கும் தெரியும் போல, தினம் கம்மியாத்தான் படிக்கறாங்க. டீச்சர் தாண்டிப் போயிடலாமான்னு என்கிட்ட ஜாடையில கேட்டாங்க. வேண்டாம்னு சொல்லிட்டேன். இந்த வீட்டுல இனிமே யாரும் யாருக்காகவும் எதையும் அணைக்க வேண்டாம்.

ஆனா அந்த வரியை டீச்சர் வாயால அம்மா கேக்கக் கூடாது. அது உன் வரி. உன் ரூம் இன்னும் துடைச்சேதான் இருக்கு. பெட்டி கட்டு அக்கா. அந்தப் பக்கம் வர்றதுக்குள்ள வந்துடு.

தம்பி